இன்னொருவர் சிலேட்டுக்கு எனக்கு விழுந்த மாலை

அண்மையில் மைசூருவில் இளம் கல்வி அலுவலர்களுக்கு நடந்த பயிற்சியின் நிறைவு நாளில் என்னை அழைத்துச் சிறப்புச் செய்தார்கள். தலையில் மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலை, இரு கைகளிலும் பழத்தட்டு. இவ்வளவையும் ஏற்றிய பின் ஒருவனால் அசையவும் இயலாது, மறுத்துக் கையசைக்கவும் இயலாது. அந்நிலையில் என்னை நிறுத்திவைத்து, குழந்தையின் தாய்மொழியைக் கண்டறியும் ‘சிலேட்டு முறை’யை வகுத்தவர் இவரே என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

வகுத்தவன் நான் அல்லன். என் மேலதிகாரியாயிருந்த சம்பத்குமாரன் வகுத்தது அது. அவர் இன்று உயிரோடில்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது, அவரே வந்து என் தலையிலிருந்த பேட்டாவைக் கழற்றியிருப்பார். இன்னொரு காரணமும் உண்டு. அன்று மேடையில் விளக்கப்பட்டது அம்முறையின் முற்பாதி மட்டுமே. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் பேச்சு இப்போது மறுபடி வலுத்திருப்பதால், அந்தப் பாதியறிவோடு இவ்விளைஞர்கள் பள்ளிகளுக்குப் போகப்போகிறார்கள். போகுமுன் மறுபாதியையும் அவர்கள் அறிந்தாக வேண்டும். ஆதலின் இதனை எழுதிவைக்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மைசூருவில் பிறந்தேன், தமிழ் கற்றேன், நஞ்சன்கூட்டில் சில ஆண்டுகள் ஆசிரியனாயிருந்தேன், பின்னர் இம்மாவட்டத்துத் தமிழ்ப் பிரிவுகளைப் பார்வையிடும் பாட ஆய்வாளனானேன். அந்நாளில் கொள்ளேகாலமும் ஹனூரும் மைசூரு மாவட்டத்திலேயே இருந்தன. அங்கே வேளாண் குடிகளின் சிற்றூர்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழ், கடைத்தெரு மொழி கன்னடம். எனக்கு வாய்த்த வேலை, அந்த வீட்டுமொழிக்குப் பள்ளியில் ஒரு பலகையளவு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

நம் நாட்டில் பள்ளிமொழிக் கொள்கையின் வரலாற்றைப் பெரிய நூல்களில் தேட வேண்டியதில்லை. எந்தக் கல்வி அலுவலகத்திலும் சுற்றறிக்கைக் கட்டுகளைப் பிரித்தால் போதும். முதல்மொழி, இரண்டாம்மொழி, மூன்றாம்மொழி என்று மூன்று நாற்காலிகளைப் போட்டார்கள். நாற்காலிகள் மாறவில்லை, அமர்பவர்கள்தாம் ஓயாமல் மாறினார்கள். வீட்டில் எவரும் பேசாத சமற்கிருதத்தை மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும் என்று முதல் நாற்காலியில் அமர்த்திய காலம் ஒன்றிருந்தது. அது கன்னடத்துக்கு இழைத்த அநீதி என்று மாநிலமே கொதித்தெழுந்தது; கொதித்ததில் நியாயமும் இருந்தது. அதன்பின் எல்லாக் குழந்தைகளுக்கும் கன்னடமே முதல் என்றார்கள். உருதுவும் தமிழும் தெலுங்கும் மராத்தியும் பேசுவோர் எங்கள் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று வழக்காடினார்கள். இதற்கிடையில் ஆங்கிலம் எந்த நாற்காலியையும் கேட்காமல் நேரே அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் மாறியது ஆணை. குழந்தை அதே வாயோடுதான் பள்ளிக்கு வந்தது.

அத்தகைய மாற்றம் ஒன்றின்போது எங்களுக்கு ஓர் ஆணை வந்தது. சிறுபான்மைமொழிப் பிரிவு எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் நேரில் சென்று, குழந்தைகளின் தாய்மொழி மெய்யாகவே அம்மொழிதானா, அப்பிரிவு தேவைதானா என்று ஆய்ந்து எழுதுக என்பது அதன் சாரம். ஆய்வது எப்படி என்று ஆணை சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் சம்பத்குமாரன் இருந்தாரே.

அவர் மேலுகோட்டையில் வேர்கொண்ட ஸ்ரீவைணவக் குடும்பத்தினர். நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சினமே காணாத குரல். அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் முதல் அமைச்சர் வரை எல்லாரும் அவர் வாயில் ‘ஸ்வாமி’தான். கோப்பில் எவரேனும் மிகைச்சொல் எழுதியிருந்தால் அடித்துத் திருத்தமாட்டார்; அச்சொல்லின் அருகில் சிறியதாய் ஒரு கேள்விக்குறி இட்டுத் திருப்பியனுப்புவார். ‘மிகச் சிறந்த’ என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் ‘மிக’வுக்கு நேரே அக்குறி இருக்கும். பணிப்பதிவில் தம் தாய்மொழி கன்னடம் என்றே எழுதியிருந்தார். ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் துணைவியார், “உள்ள வாங்கோ, காபி சாப்பிட்டுட்டுப் பேசலாம்” என்பார். இது தமிழாயிற்றே ஐயா என்று ஒருமுறை கேட்டேன். அது தமிழுமன்று, கன்னடமுமன்று, எங்கள் வீட்டுப் பேச்சு, அவ்வளவே என்றார். மொழியியல் அறிஞர்கள் கட்டுரை கட்டுரையாய் எழுதும் ஒன்றை அவர் அடுக்களை விவகாரமாக முடித்துவிட்டார்.

இனி அவருடைய முறை. பதிவேட்டை அவர் நம்பமாட்டார்; அதை எழுதுபவர் தலைமையாசிரியர், பேச வேண்டியது குழந்தை என்பார். பெற்றோரைக் கேட்கமாட்டார்; அதிகாரிக்கு எந்த விடை உவக்குமோ அதையே அவர்கள் சொல்வார்கள் என்பார். குழந்தையிடம் “உன் தாய்மொழி எது” என்று கேட்பதை அறவே வெறுத்தார். வகுப்பில் போய் அமர்வார். விருப்பம்போல் ஒரு படம் வரையுங்கள் என்பார். சிலேட்டுகளைத் தாமே வாங்கிவந்து மேசைமேல் அடுக்குவார். அவற்றுள் நன்றாக வரைந்ததை எடுத்து, வரைந்த குழந்தையை விட்டு எட்ட அமர்ந்திருக்கும் வேறொரு குழந்தையிடம் கொடுத்து, “ஆகா, நீ வரைந்ததா” என்று கன்னடத்தில் மெச்சுவார். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

காத்திருக்க வேண்டிய தேவை பெரும்பாலும் நேராது. வரவேற்புரையை எம்மொழியிலும் மனப்பாடம் செய்யலாம். முறையீட்டை மனப்பாடம் செய்ய முடியாது என்பது அவர் துணிபு. நியாயம் கெட்ட அக்கணத்தில் குழந்தையின் வாயிலிருந்து எது வருகிறதோ அதுவே அதன் மொழி.

இதுவரை முற்பாதி. பிற்பாதி இது: முறையீடு காதில் விழுந்த உடனே அவர் எழுந்து, அச்சிலேட்டை உரிய குழந்தையிடம் இரு கையாலும் கொடுத்து, அதே வகுப்பின் முன், எல்லார் காதிலும் விழும்படி, “தப்பாயித்தம்மா” என்று மன்னிப்புக் கேட்பார். தவறாக மெச்சப்பட்ட குழந்தையிடமும் கேட்பார். அதனை அவமானப்படுத்தியதும் தம் பிழையே என்பார். இந்தப் பாதியை விட்டுவிட்டு முன்னதை மட்டும் செய்பவருக்கு ஆய்வாளர் என்ற பெயர் பொருந்தாது.

ஹனூர்ப் பக்கம் மார்டள்ளியை அடுத்த ஒரு சிற்றூரில்தான் இந்தச் சிலேட்டு முறை தோற்றது.

அப்பள்ளியின் தமிழ்ப் பிரிவு மரகதம் என்னும் ஓர் ஆசிரியையின் கையில் இருந்தது. அதை மூடுவார்களா, விடுவார்களா என்பது எங்கள் வருகையைப் பொறுத்தது. மூடினால் அவருக்கு வேறோர் ஊரில் நாற்காலி கிடைத்துவிடும். குழந்தைகளுக்குத்தான் போக்கிடம் இல்லை. பக்கத்து ஊரில் முந்திய ஆண்டு அவ்வாறு மூடியதில், சிறுவகுப்புக் குழந்தைகள் கன்னடப் பிரிவில் ஒன்றும் விளங்காமல் சில மாதம் உட்கார்ந்திருந்து, பின் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். இதனை மரகதம் நன்கறிவார். அதனால் தம்மால் இயன்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார். அந்த ஏற்பாடுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் ஜீப்பு நின்றதும் குழந்தைகள் வரிசையாக நின்று, “நமஸ்கார சார், நிமகெ ஸ்வாகத” என்றார்கள். அடுத்து ஒரு கன்னட வாழ்த்து, பிழையின்றி. அதன்பின் ஒரு சிறுமி முன்வந்து, எங்கள் பயணம் சுகமாயிருந்ததா என்று மண்டியாக்காரர் போலச் சரளமான கன்னடத்தில் வினவினாள். மைசூருவிலிருந்து வரும் பெரியவர்களிடம் தமிழில் பேசுவது மரியாதைக் குறைவு என்று அவ்வூரார் தலைமுறையாகக் கருதிவந்தனர். அதற்கேற்ப மரகதமும், வருகிறவர்கள் மனம் குளிர வேண்டும் என்று வாரக்கணக்கில் குழந்தைகளைப் பழக்கியிருந்தார். தமிழ்ப் பிரிவைக் காப்பாற்றுவதற்காக ஊரே கன்னடம் பேசிக்கொண்டிருந்தது.

சம்பத்குமாரனின் முகம் வாடியதைக் கண்டேன். பெற்றோரிடமாவது உண்மையை வரவழைப்போம் என்று, பள்ளிக் குழுத் தலைவரான பெரியண்ணன் என்னும் உழவரை நான் அணுகினேன். என் வழக்கப்படி தூய தமிழில், தங்கள் மழலையர் இல்லத்தில் எம்மொழியில் உரையாடுவர் என்று வினவினேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி, “டீச்சர், சார் எந்த ஊரு பாசைங்க பேசறாரு? கன்னடத்துலயே கேக்கச் சொல்லுங்க, எனக்குப் புரியும்” என்றார். ஜீப்பு ஓட்டுநர் இக்கதையை மாவட்டம் முழுதும் கொண்டுசென்றார் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

வகுப்புக்குள் சென்றோம். படங்கள் வரையப்பட்டன. சிறந்த படம் செல்வி என்னும் சிறுமியுடையது. ஒரு பம்புசெட்டு, அதன் குழாயிலிருந்து கொட்டும் நீர், மேலே ஒரு காக்கை. சம்பத்குமாரன் அதை எடுத்துப் பின்வரிசையில் இருந்த மாதேசு என்னும் சிறுவனிடம் தந்து மெச்சினார். பிறகு காத்திருந்தார்.

வகுப்பு முழுதும் ஒரே குரலில் “ஹௌது சார்” என்றது. அதாவது, ‘ஆம் ஐயா.’ அதிகாரி எது சொன்னாலும் அதற்கு அதுவே விடை என்று மரகதம் கற்பித்திருந்தார். மாதேசும் தான் வரையாத படத்தைப் பார்த்து “ஹௌது சார்” என்றான். செல்வியின் கண்ணில் நீர் திரண்டது, உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

நான் சம்பத்குமாரனைப் பார்த்தேன். காதில் விழாத ஒன்றை அவர் எழுதமாட்டார் என்பது எனக்குத் தெரியும். செல்வியின் கண்ணீர் எந்த மொழி என்று அறிக்கையில் எழுத முடியாது. மன்னிப்புக் கேட்டுச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். வகுப்பு அதற்கும் “ஹௌது சார்” என்றது. பேனாவைத் திறந்தார், மூடினார். சுவரோரம் நின்ற மரகதம் தம் ஏற்பாடு இவ்வளவு சிறப்பாக நடந்தேறியதை எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தார்; என்ன நடக்கிறது என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்போது சம்பத்குமாரன் அதுவரை நான் கேட்டிராத கடுங்குரலில், கன்னடத்தில், இந்த ஆசிரியை உங்களுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை, நாளை முதல் இவர் இங்கே வரமாட்டார் என்றார்.

அதை அவர் எண்ணிச் செய்தாரா, தோல்வியின் எரிச்சலில் வாய் தவறினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம் காபி ஆறுகிறது என்பார்.

செல்வி எழுந்தாள்.

“பொய்யிங்க சார். எங்க டீச்சர் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. நீங்கதான் அவன்ற கையில குடுத்தீங்க. அது என்ற சிலேட்டுங்க. காக்காகூட நாந்தான் வரஞ்சேன்.”

“நான் கேக்கவே இல்லைங்க, அவரேதான் குடுத்தாருங்க” என்றான் மாதேசு, அழத் தொடங்கியவனாய்.

அதற்குமேல் யார் என்ன சொன்னார் என்று பிரித்தறிய இயலவில்லை. டீச்சரை அனுப்பாதீங்க என்று ஒரு பகுதி. ஜீப்பு எடுத்துட்டுப் போயிருங்க என்று ஒரு பகுதி. சன்னலுக்கு வெளியே நின்ற பெரியண்ணனும் மரியாதையை மறந்து, “ஏனுங்க, வெவரமில்லாம பேசாதீங்க. இந்தம்மா இல்லைன்னா எங்க புள்ளைக எங்கீங்க போறது?” என்றார். வாழ்த்துப் பாடிய வாய்கள் அத்தனையும் தமிழில் எங்களைத் திட்டின. தனக்கு நேர்ந்த அநீதியைப் பொறுத்துக்கொண்ட குழந்தை, தன் ஆசிரியைக்கு நேர்ந்ததைப் பொறுக்கவில்லை.

சம்பத்குமாரன் எழுந்தார். நேரே மரகதத்தின் முன் சென்று கைகூப்பி, எல்லாக் குழந்தைகளும் கேட்கும்படி, நான் சொன்னது பொய், நீங்கள் நன்றாகக் கற்பித்திருக்கிறீர்கள், என்னை மன்னிக்க வேண்டும் என்றார். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஹௌது சார்” என்றார். அவர் கற்பித்த பாடம் அவரையும் விடவில்லை.

தமிழ்ப் பிரிவு தேவை, தொடர வேண்டும் என்று அறிக்கை எழுதப்பட்டது. ‘மிக’ என்ற சொல் அதில் எங்குமில்லை. கதை அங்கே முடிந்திருந்தால் நானும் இங்கே முடித்திருப்பேன். அறிக்கை மேலே சென்றபின் எங்களைப் பெங்களூருவுக்கு அழைத்தார்கள்.

அழைத்தவர் எங்கள் இயக்குநர். மேசையைச் சுற்றி வேறு சிலரும் இருந்தனர். இயக்குநர் கெட்டவரல்லர், ஆனால் கோப்புகளின் மேல் வளர்ந்தவர். அறிக்கையைப் புரட்டியபடியே சம்பத்குமாரனிடம், உங்கள் வீட்டுமொழியும் தமிழ்தானே, அதனால்தான் இப்படிச் சாய்வாக எழுதியிருக்கிறீர்கள் என்று கன்னடத்தில், வானிலை பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

எதிரே வைத்திருந்த தேநீர்க் கோப்பை தட்டில் அதிர்ந்தது. சினமே காணாத அக்குரல் எழுந்தது.

“நானா ஓரவஞ்சனை பண்ணினேன்? நானா? அந்தக் கொழந்தைகள் கதறினதை இந்தக் காதால கேட்டேன். கேட்டதை எழுதினேன். ஒரு எழுத்து கூடச் சேர்த்திருந்தா இந்த உத்தியோகமே எனக்கு வாண்டாம்.”

அங்கே இருந்தவர்களுள் அவர் சொன்னதன் பொருள் முழுதும் விளங்கியது எனக்கு மட்டுமே. ஆனால் அது எந்த மொழி என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சாய்வு என்ற குற்றச்சாட்டை மறுக்க எழுந்தவர், அதற்கு வேண்டிய சான்றைத் தம் வாயாலேயே கொடுத்துவிட்டார். அந்தச் சிற்றூரின் தமிழ்ப் பிரிவு இந்த மேசைமேல் முடிந்தது என்றே எண்ணினேன்.

அவர் அமர்ந்தார். தண்ணீர் குடித்தார். என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், தம் கோப்பில் தாமே கேள்விக்குறி இட்டுக்கொண்டவரின் வியப்பு இருந்தது. பிறகு சிரித்தார். கன்னடத்துக்குத் திரும்பி, ஸ்வாமி, நான் இத்தனை ஆண்டுகள் பள்ளி பள்ளியாய்ச் செய்ததை நீங்கள் எனக்குச் செய்துவிட்டீர்கள் என்று தொடங்கி, சிலேட்டு முறை முழுவதையும் விளக்கினார். என் தாய்மொழி எது என்பது இன்று எனக்கே தெரிந்தது, பணிப்பதிவில் திருத்திக்கொள்கிறேன், கன்னடம் என்று எழுதியதையும் அடிக்கமாட்டேன், அதுவும் பொய்யன்று. ஆனால் அக்குழந்தைகளிடமிருந்து வந்ததும் இதே வகையில் வந்ததுதான். ஐயமிருந்தால் நீங்களே போய் அநீதி செய்து பாருங்கள் என்றார்.

இயக்குநர் அறிக்கையை மூடிவைத்துவிட்டு, எங்கள் வீட்டில் துளு பேசுவோம், பள்ளியில் எவரும் என்னைச் சினமூட்டிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். பிறகு எழுந்து, எல்லாரும் கேட்கும்படி, “தப்பாயித்து ஸ்வாமி” என்றார். முறையின் பிற்பாதியையும் அவர் அங்கேயே நிறைவேற்றிவிட்டார். தமிழ்ப் பிரிவு தொடரலாம் என்று கையொப்பமிட்ட பேனா சம்பத்குமாரனுடையது. தம்முடையதை எங்கே வைத்தார் என்று இயக்குநருக்கு அப்போது தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தை அடைந்தோம். காவிரியைக் கண்டதும், இவ்வளவு நாள் என் மொழியை அடுக்களையிலேயே வைத்திருந்தேனே என்று மட்டும் சொன்னார். அதையும் அந்த வீட்டுப் பேச்சிலேயே சொன்னார்.

இனி அந்தப் பாராட்டு விழாவுக்கு வருகிறேன். சிலேட்டு முறையை வகுத்தவர் நானே என்று அறிவித்துவிட்டு ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டினார்கள். சொல்ல வேண்டியதை நயமான கன்னடத்தில் மனத்துள் அமைத்துவைத்திருந்தேன். வாய் திறந்தபோது வந்தது வேறு.

“அது என்ற சிலேட்டு இல்லீங்க.”

தூய தமிழுக்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்ட ஒருவனின் வாயில், மைசூருவில் பிறந்தவனின் வாயில், ஹனூர்ப் பக்கத்துச் சிறுமியின் பேச்சு எவ்வாறு வந்து குடியேறியது என்பதை மொழியியலார் ஆராயட்டும். கூட்டம் அதனை அடக்கம் என்று கொண்டு கைதட்டியது. தமிழறிந்த ஓர் இளைஞர் மட்டும், சார் நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று பக்கத்திலிருந்தவருக்குக் கன்னடத்தில் பெயர்த்துச் சொன்னார். பழத்தட்டு கையிலிருந்ததால் என்னால் மேலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்த மாலை இப்போது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது; உரியவருக்குக் கொடுக்க வழியில்லை. மாலையைப் பொறுத்தவரை முறையின் பிற்பாதி இன்னும் நிலுவையில் இருக்கிறது. இக்கட்டுரையை அதன் ஒரு பகுதியாகவேனும் ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

முதுமையில் எழுதுகிறேன், பிழைகள் இருக்கும். சம்பத்குமாரனோடு பணியாற்றியோர் எவரேனும் இருந்தால் திருத்துக. மரகதம் அம்மையார் படிக்க நேர்ந்தால், தயைகூர்ந்து “ஹௌது சார்” என்று விட்டுவிடாமல் மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்க. பம்புசெட்டின் மேல் அமர்ந்திருந்தது காக்கை என்றே எனக்கு நினைவு. அதில் ஐயம் இருப்பின் செல்வி ஒருவரே தீர்ப்புச் சொல்லத் தக்கவர். அவர் இப்போது எங்கிருக்கிறாரோ, எந்த மொழியில் குடும்பம் நடத்துகிறாரோ அறியேன். எந்த மொழியிலும் எழுதலாம். நான் தவறாக எழுதியிருந்தால் சினந்தே எழுதலாம். அவருடைய சிலேட்டை இரு கையாலும் திருப்பிக் கொடுக்க நான் அணியமாயிருக்கிறேன்.